‘யூ மஸ்ட் சென்ட்’ என்று எழுதியதில் என்ன பிழை?

வாசகியின் கேள்வி: நான் முரசுமோட்டையைச் சேர்ந்தவள். கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கள அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இடப்பெயர்வுக் காலத்தில் படிப்புக் குழம்பினாலும் சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்குத் திறமைச் சித்தி எடுத்தேன். சொற்கள் நிறையத் தெரியும்; ஆனால் ‘ஐ, மீ’, ‘கேன், குட், மஸ்ட்’, ‘டு, ஃபொர், அட்’ போன்ற சின்னச் சொற்களைச் சேர்த்து வசனம் அமைக்கும்போது எல்லாம் குழம்பிவிடுகிறது. கொழும்பில் இருக்கும் எங்கள் மேலதிகாரி சிங்களப் பெண்மணி. அவரோடு ஆங்கிலத்தில்தான் தொடர்பு. சென்ற மாதம் அவருக்கு ‘யூ மஸ்ட் சென்ட் த ஃபைல் டு மீ ஒன் ஃப்ரைடே’ என்று மின்னஞ்சல் எழுதினேன். அவர் மனம் நொந்ததாகப் பிறகு அறிந்தேன். இன்னொரு முறை, திங்கட்கிழமை வரமுடியாது என்று அவர் தொலைபேசியில் சொன்னதை ‘வருவேன்’ என்று விளங்கிக்கொண்டு பயனாளிகளைக் கூட்டிவைத்துவிட்டேன். ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பில் சேர்ந்தால் இது சரிவருமா?

ஆங்கில ஆசிரிய ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வகுப்பைப் பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன், நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு சம்பவங்களும் வேறு வேறு பிழைகள் போலத் தெரிந்தாலும் ஒரே இடத்தில் இருந்துதான் வருகின்றன என்பதைச் சொல்ல வேண்டும். உங்களுடைய மின்னஞ்சலில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. பரீட்சைத் தாளில் அந்த வசனத்துக்கு முழுப் புள்ளி கிடைத்திருக்கும். அப்படியிருந்தும் அது ஒருவரை நோகச் செய்தது என்றால், பிரதிப்பெயர் (ஐ, மீ), துணைவினை (கேன், மஸ்ட்), முன்னிடைச்சொல் (டு, ஃபொர்) என்று பள்ளிக்கூடத்தில் மூன்று தனித்தனிப் பாடங்களாகப் படித்தவை பேச்சில் ஒன்றாகச் சேர்ந்து என்ன வேலை செய்கின்றன என்பதை உங்களுக்கு யாரும் காட்டித் தரவில்லை என்றே பொருள்.

தமிழ் இந்த மூன்று வேலைகளையும் சொல்லின் வாலில் ஒட்டிவிடுகிறது. ‘நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கலாம்’ என்ற வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வினையைப் பிரித்தால் சொல்லி, இருக்க, லாம் என்று மூன்று துண்டுகள் வரும். இதே கருத்தை ஆங்கிலத்தில் சொன்னால் ‘யூ குட் ஹவ் டோல்ட் மீ’. ‘குட்’ என்பது நம்முடைய ‘லாம்’, ‘ஹவ்’ என்பது ‘இருக்க’, ‘டோல்ட்’ என்பது ‘சொல்லி’. அதே மூன்று துண்டுகள் தலைகீழாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ‘அவரிடமிருந்து’ என்பதில் ஆள் முன்னும் உருபு பின்னும் நிற்கும். ‘ஃப்ரொம் ஹேர்’ என்பதில் உருபின் வேலையைச் செய்யும் சொல் முன்னும் ஆள் பின்னும் நிற்கும். தமிழில் வசனத்தின் கடைசியில் வந்து முடிவைச் சொல்லும் பகுதியை ஆங்கிலத்தில் வாய் திறந்தவுடனேயே சொல்லியாக வேண்டும். பேசத் தொடங்கும்போது உங்களுக்கு ஏற்படும் திணறலுக்குப் பெரும் காரணம் இதுதான். நமக்குப் பழக்கமானது, விடயத்தைச் சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில் ‘வேண்டும்’ என்று முடிப்பதா ‘முடியுமா’ என்று முடிப்பதா எனத் தீர்மானிப்பது. ஆங்கிலம் அந்தத் தீர்மானத்தை முதலிலேயே கேட்கிறது.

இனி உங்களுடைய மின்னஞ்சலுக்கு வருவோம். ‘நீங்கள் கோப்பை வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்ப வேண்டும்’ என்று மனதில் நினைத்து அதை அப்படியே ஆங்கிலமாக்கியிருக்கிறீர்கள். இந்தத் தமிழ் வசனத்தில் மரியாதை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது ‘நீங்கள்’ என்ற சொல்லில் இருக்கிறது. நமக்கு நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் உண்டு. தம்பிக்கு ஒன்று, உடன் வேலை செய்பவருக்கு ஒன்று, மேலதிகாரிக்கு ஒன்று. ‘நீங்கள்’ என்று தொடங்கிவிட்டாலே மரியாதைக் கடனில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு ‘வேண்டும்’ என்று முடித்தாலும் யாரும் அதை அதட்டலாக எடுக்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் சிறுபிள்ளைக்கும் ‘யூ’, பணிப்பாளருக்கும் ‘யூ’. ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் நெருங்கியவரையும் இளையவரையும் அழைக்க ‘தௌ’ என்று இன்னொரு சொல் இருந்தது; அது பொதுவழக்கில் இருந்து மறைந்து சில நூற்றாண்டுகள் ஆகின்றன. பிரதிப்பெயரில் மரியாதை காட்டும் வழி அடைபட்ட மொழியில் அந்த வேலையைத் துணைவினைகள் சுமக்கின்றன. நாம் ‘நீங்கள்’ என்பதில் வைக்கும் மரியாதையை அவர்கள் ‘குட்’, ‘வுட்’ என்பவற்றில் வைக்கிறார்கள். உங்கள் வசனத்தில் ‘நீங்கள்’ வெறும் ‘யூ’ ஆனபோது மரியாதை உதிர்ந்துபோய்விட்டது. ‘வேண்டும்’ மட்டும் ‘மஸ்ட்’ ஆகிக் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. முன்னால் ‘ப்ளீஸ்’ போட்டிருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது. ‘மஸ்ட்’ இருக்கும் வரை அது கட்டளைதான்.

‘குட் யூ சென்ட் மீ த ஃபைல் பை ஃப்ரைடே?’ என்று எழுதியிருந்தால் அவர் அதே நாளில் கோப்பை அனுப்பியிருக்கக்கூடும். ‘குட்’ என்பது ‘கேன்’ இன் இறந்தகாலம் என்று படித்திருப்பீர்கள், அது சரிதான். ஆனால் இங்கே அது காலத்தைக் காட்டவில்லை. சற்றுத் தள்ளி நின்று கேட்பதைக் காட்டுகிறது. கூட வேலை செய்யும் தோழியிடம் பேனை வாங்க ‘கேன் யூ’ போதும். மேலதிகாரியிடம் ‘குட் யூ’ அல்லது ‘வுட் யூ’. அவர் மறுக்கவும் நியாயமுள்ள பெரிய உதவி என்றால் ‘வுட் யூ பி ஏபிள் டு’. கேட்கும் உதவி பெரிதாகப் பெரிதாக வசனம் நீளும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிசகாது.

இந்த மூன்று வகைச் சொற்களும் சேர்ந்து அசைவதை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மேலே சொன்ன வசனத்தையே, ஆளை மாற்றி, ‘குட் ஐ கெட் த ஃபைல் ஃப்ரொம் யூ பை ஃப்ரைடே?’ என்றும் கேட்கலாம். ‘யூ’ இருந்த இடத்துக்கு ‘ஐ’ வந்தவுடன் ‘சென்ட்’ போய் ‘கெட்’ வந்தது. ‘மீ’ இருந்த இடத்துக்கு ‘ஃப்ரொம் யூ’ வந்தது. ‘நீங்கள் எனக்குத் தரலாமா’ என்பதற்கும் ‘நான் உங்களிடமிருந்து எடுக்கலாமா’ என்பதற்கும் தமிழில் உள்ள அதே உறவுதான் இது. வேலையை அவர் தலையில் சுமத்தாமல் உங்கள் பக்கத்தில் இருந்து கேட்பதால் இரண்டாவது வடிவம் இன்னும் கொஞ்சம் மென்மையாக ஒலிக்கும். ‘குட் யூ லெண்ட் இட் டு மீ’, ‘குட் ஐ பொறோ இட் ஃப்ரொம் யூ’ என்பவையும் இதே சோடிதான். இரவல் கொடுப்பதற்கு ‘லெண்ட்’ உம் வாங்குவதற்கு ‘பொறோ’வும் எங்கள் பிள்ளைகளுக்கு எப்போதும் மாறிப்போகின்றன. அவற்றைத் தனிச்சொற்களாக மனனம் செய்வதுதான் காரணம். ‘லெண்ட் டு மீ’, ‘பொறோ ஃப்ரொம் யூ’ என்று சேர்த்தே படித்தால் மாறாது.

இதை வாசித்துவிட்டு ‘மஸ்ட்’ என்ற சொல்லையே ஒதுக்கிவிடாதீர்கள். வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு அதே மேலதிகாரியை ‘யூ மஸ்ட் கம் டு அவர் ஹவுஸ் ஃபொர் த பொங்கல்’ என்று அழைத்துப் பாருங்கள், அவர் மகிழ்ந்துபோவார். அங்கே ‘மஸ்ட்’ என்பது ‘கட்டாயம் வரவேணும்’ என்று நாங்கள் கையைப் பிடித்துச் சொல்வதற்குச் சமம். செய்யப்போகும் காரியத்தின் நன்மை கேட்பவருக்குப் போனால் ‘மஸ்ட்’ அன்பாகிறது. சொல்பவருக்குப் போனால் அதட்டலாகிறது. இந்த வேறுபாட்டை அகராதியில் தேடிப் பிடிப்பது கடினம்.

எதிர்மறையில் இன்னும் கவனம் தேவை. ‘போகக்கூடாது’ என்பதற்கும் ‘போக வேண்டியதில்லை’ என்பதற்கும் தமிழில் யாரும் குழம்பமாட்டோம். ஆனால் ‘மஸ்ட்’ உம் ‘ஹவ் டு’வும் நேர்வசனத்தில் ஏறக்குறைய ஒரே பொருள் தருவதால், எதிர்மறையிலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். ‘மஸ்ட் நொட்’ என்றால் கூடாது. ‘டோன்ட் ஹவ் டு’ என்றால் தேவையில்லை, விரும்பினால் செய்யலாம். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எச்சரிக்கையாக மண்டையோட்டுச் சிவப்புப் பலகை நட்ட நிலத்தின் முன் நின்று, வெளியூரில் இருந்து வந்த ஒருவரிடம் ‘யூ டோன்ட் ஹவ் டு கோ இன்டு தட் லேண்ட்’ என்று நீங்கள் சொன்னால், ‘போகத் தேவையில்லை, விருப்பம் என்றால் போகலாம்’ என்றுதான் அவர் விளங்கிக்கொள்வார். ‘யூ மஸ்ட் நொட் கோ இன்டு தட் லேண்ட்’ என்றே சொல்ல வேண்டும். கள அலுவலகத்தில் வேலை செய்யும் உங்களுக்கு இந்த ஒரு வேறுபாடு மற்ற எல்லாவற்றிலும் முக்கியமானது.

துணைவினைக்குப் பின்னால் வரும் வினை எந்த ஒட்டும் இல்லாமல் வரும் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். இருந்தும் ‘வர முடியும்’ என்பதில் உள்ள ‘வர’ நம் மனதில் ‘டு கம்’ என்று ஒலிப்பதால் ‘கேன் டு கம்’ என்று வாய் தவறும். ‘வில் கேன்’ என்று இரண்டு துணைவினைகளை அடுக்கவும் கூடாது. ‘வில் பி ஏபிள் டு’ என்பதே வழக்கு. ‘ஷல்’ பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ‘ஷல் வி ஸ்டார்ட்?’, ‘ஷல் ஐ கோல் யூ?’ என்ற கேள்விகளைத் தவிர, இன்று அதைப் பெரும்பாலும் சட்டங்களிலும் ஒப்பந்தங்களிலும்தான் காண்போம். 1987 இல் வந்த அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாகவும் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகவும் ஆக்கியபோது, அதன் ஆங்கில வாசகம் இரண்டு இடத்திலும் ‘ஷல்’ என்றுதான் சொல்கிறது.

பிரதிப்பெயரில் உங்களுக்கு வரும் சிக்கலுக்கு இரண்டு வேர்கள் உண்டு. முதலாவது, தமிழில் செய்பவரே எப்போதும் எழுவாயாக நிற்பதில்லை. எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும், என்னால் முடியும் என்று சொல்கிறோம். ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் ‘ஐ’ தான். ‘எனக்கு’ என்று மனம் தொடங்கும்போது வாயில் ‘மீ’ அல்லது ‘டு மீ’ வருவது இயல்பு. ஆகையால் தெரிதல், விருப்பம், இயலுமை பற்றிய வசனங்களை மட்டும் ‘ஐ நோ’, ‘ஐ வோன்ட்’, ‘ஐ கேன்’ என்று கண்ணை மூடிக்கொண்டு தொடங்கப் பழகுங்கள். இரண்டாவது வேர் நுட்பமானது. உருபு ஏற்கும்போது ‘நான்’ என்பது ‘என்’ ஆகவும் ‘நாங்கள்’ என்பது ‘எங்கள்’ ஆகவும் தமிழிலும் மாறுகின்றன. எனவே ‘ஐ’ முன்னிடைச்சொல்லுக்குப் பின் ‘மீ’ ஆவதும் ‘வி’ என்பது ‘அஸ்’ ஆவதும் நமக்கு அந்நியமல்ல. ஆனால் ‘அவர்’ மாறுவதில்லை. அவரை, அவருக்கு, அவரோடு என்று எல்லா இடத்திலும் அதே உடலோடு நிற்கும். ‘வித் ஹி’, ‘ஃபொர் ஷி’ என்ற பிழைகள் இங்கிருந்துதான் வருகின்றன என்பது என் எண்ணம். ‘வித் ஹிம்’, ‘ஃபொர் ஹேர்’, ‘ஃப்ரொம் தெம்’ என்பவற்றை ஒவ்வொன்றும் ஒரே சொல் என்பதுபோலச் சொல்லிப் பழகுவதே மருந்து. இன்னொன்று: மரியாதைக்குரிய ‘அவர்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருப்பதால், உங்கள் மேலதிகாரியைப் பற்றிப் பேசும்போது ‘ஹி’ என்று தவறி வரக்கூடும். அவர் முகத்தை மனதில் நிறுத்திக்கொண்டு ‘ஷி’ என்று தொடங்குங்கள்.

முன்னிடைச்சொல்லை விதியாகப் படிப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ‘இல்’ என்ற ஒரே உருபால் முரசுமோட்டையில், ஏ35 வீதியில், பரந்தன் சந்தியில் என்று சொல்கிறோம். ஆங்கிலம் ஊருக்கு ‘இன்’, வீதிக்கு ‘ஒன்’, சந்திக்கு ‘அட்’ கேட்கிறது. பஸ்ஸில் போனால் ‘ஒன் த பஸ்’, ஓட்டோவில் போனால் ‘இன் அன் ஓட்டோ’. இவை கேட்டுக் கேட்டுப் படியும். உங்களுடைய வேலைக்கு அவசரமாகத் தேவைப்படுவது வினையோடு ஒட்டிப் பிறந்த முன்னிடைச்சொற்கள். ‘அவரிடம் கேட்டேன்’ என்பதில் ‘இடம்’ இருக்கிறது. ஆனால் ‘ஐ ஆஸ்க்ட் ஹேர்’ என்பதில் இடையில் ஒன்றும் வராது. ‘டெல் மீ’ சரி. ‘டெல் டு மீ’ பிழை. ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ பிழை. ‘எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ’ சரி. ‘டிஸ்கஸ்’ என்பதற்குப் பின்னால் ‘அபவுட்’ வேண்டாம். ‘வெயிட்’ என்பதற்குப் பின்னால் ஆள் வந்தால் ‘ஃபொர்’ கட்டாயம்.

உங்கள் மின்னஞ்சலில் ‘ஒன் ஃப்ரைடே’ என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு வெள்ளிக்கிழமை அன்றுதான் என்று பொருள். வியாழன் அனுப்பினால் தவறு போல ஒலிக்கும். ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்பதற்கு ‘பை ஃப்ரைடே’. நாங்கள் பேச்சில் ‘வெள்ளிக்கிழமை மட்டும் மாங்குளத்தில் நிற்பன்’ என்கிறோமே, அந்த ‘மட்டும்’ என்பதற்கு ‘அன்டில் ஃப்ரைடே’. ஒரு வேலை முடியவேண்டிய எல்லைக்குப் ‘பை’, ஒரு நிலை நீடிக்கும் எல்லைக்கு ‘அன்டில்’.

தொலைபேசிச் சம்பவத்தில் உங்கள் காதின் மேல் பெரிய குற்றம் இல்லை. இந்தச் சின்னச் சொற்களை ஆங்கிலம் பேசுபவர்கள் அழுத்தாமல் விழுங்கிவிடுவார்கள். ‘ஐ கேன் கம்’ என்று எழுதியிருப்பது பேச்சில் ‘ஐ கன் கம்’ என்று ஒலிக்கும். அழுத்தம் ‘கம்’ மீது விழும். ‘ஐ கான்ட் கம்’ என்பதில் ‘கான்’ நீண்டும் அழுத்தமாகவும் வரும். ஆனால் அதன் கடைசி ‘ட்’ அடுத்த மெய்யெழுத்தில் மோதி மறைந்துவிடும். நீங்கள் அந்த ‘ட்’ வருகிறதா என்று காத்திருந்திருப்பீர்கள்; அது கேட்கவில்லை என்றவுடன் ‘வருவார்’ என்று முடிவெடுத்திருப்பீர்கள். ‘ட்’ஐ விட்டுவிட்டு நீளத்தைக் கேளுங்கள். குறுகி ஓடினால் முடியும். நீண்டு நின்றால் முடியாது. எங்கள் நாட்டிலும் பிரித்தானிய வழக்கிலும் இந்த அடையாளம் நன்றாக உதவும். அமெரிக்கர் ஒருவர் ‘கான்ட்’ என்று நீட்டாமல் ‘கேன்ட்’ என்பார். அங்கே அழுத்தத்தை மட்டும்தான் நம்பலாம். இதே விழுங்கலால்தான் ‘டெல் ஹிம்’ என்பது ‘டெலிம்’ என்றும் ‘ஃபொர் ஹேர்’ என்பது ‘ஃபரர்’ என்றும் காதில் விழுகின்றன.

சந்தேகம் வந்தால் மறுபடி கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் எதிர்மறையில் கேட்காதீர்கள். ‘நீங்கள் வரமாட்டீர்களா?’ என்று கேட்டால் வராதவர் தமிழில் ‘ஓம், வரமாட்டன்’ என்பார். ஆங்கிலத்தில் அதே ஆள் ‘நோ’ என்பார். அந்த ‘நோ’வை நீங்கள் எப்படி எடுப்பீர்கள் என்பது பெரும் ஆபத்து. ‘வில் யூ பி வித் அஸ் ஒன் மண்டே?’ என்று நேராகக் கேளுங்கள். வரும் விடை ‘யெஸ்’ஆ ‘நோ’வா என்பதில் மயக்கமே இராது. பயனாளிகளை அழைக்கும் முன் அதை ஒரு வரி மின்னஞ்சலாகவும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தூர இடங்களில் இருந்து கூலிவேலையை விட்டுவிட்டு வருபவர்களின் ஒரு நாள் அதில் தங்கியிருக்கிறது.

பயிற்சிக்குப் புதிய புத்தகம் தேவையில்லை. உங்கள் மேலதிகாரி இதுவரை எழுதிய மின்னஞ்சல்கள் உங்களிடம் இருக்கின்றன; உங்களுக்கு அதைவிடப் பொருத்தமான பாடநூல் கிடையாது. ஒவ்வொன்றிலும் பிரதிப்பெயர், துணைவினை, முன்னிடைச்சொல் மூன்றையும் கீறிட்டு, அவை நிற்கும் துண்டை முழுதாக ஒரு கொப்பியில் எழுதுங்கள். ‘மஸ்ட் என்றால் வேண்டும்’ என்ற மாதிரி ஒற்றைச் சொற்களை எழுத வேண்டாம். பிறகு ஒரு துண்டை எடுத்து ஆளை மட்டும் மாற்றுங்கள். மற்ற இரண்டில் எது மாறவேண்டி வருகிறது என்று பாருங்கள். அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் படிப்பது பேச்சுக்கு உதவாது.

அவருடைய மனவருத்தத்தை அப்படியே விட்டுவிட வேண்டாம். ‘ஐ ஆம் சொறி அபவுட் மை மெயில் லாஸ்ட் மன்த். ஐ ஷுட் ஹவ் ஆஸ்க்ட் யூ மோர் பொலைட்லி’ என்று இரண்டு வரி எழுதுங்கள். ‘ஷுட் ஹவ் ஆஸ்க்ட்’ என்பது ‘கேட்டிருக்க வேண்டும்’. முன்பு பார்த்த அதே தலைகீழ் அடுக்கு இங்கேயும் இருக்கிறது. ‘ஆஸ்க்ட் யூ’ என்பதன் நடுவே ‘டு’ இல்லை என்பதையும் கவனியுங்கள்.

வகுப்பில் சேரலாம், ஆனால் பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆசிரியர் பலகையில் விதிகளை எழுத, பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தால், அது நீங்கள் சாதாரண தரத்தில் ஏற்கெனவே சித்தியடைந்த பாடம்தான். அதற்கு மறுபடி செலவழிக்காதீர்கள். ஒவ்வொருவரும் சோடியாக இருந்து வாய் திறந்து பேச, ஆசிரியர் நடந்து திரிந்து திருத்தினால் சேருங்கள். வகுப்பு எவ்வளவு பெரியது என்பதையும் பாருங்கள். ஒரு மணித்தியாலத்தில் உங்கள் முறை ஒரேயொரு தடவைதான் வரும் என்றால், கொப்பியோடும் ஆங்கிலம் பழக விரும்பும் ஒரு தோழியோடும் பின்னேரங்களில் பேசிப் பழகுவதே உங்களுக்கு அதிகம் பயன் தரும்.